லேபிள் இல்லாம சொந்தமா பாட்டு ரிலீஸ் பண்றவங்க அடிக்கடி கேக்கற கேள்விகள்

மதுரைல இருந்துக்கிட்டு, லேபிள் கிடையாது சினிமா கிடையாது, நாங்க நாலு பேரு ஏழு வருசமா சொந்தப் பாட்டு போட்டுட்டு இருக்கோம். புதுசா ஆரம்பிக்கிற தம்பி தங்கச்சிங்க போன்லயும் டீக்கடைலயும் திரும்பத் திரும்ப இதே கேள்விகளைத்தான் கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கும் அவசரத்துல பாதி பதில் சொல்லி அனுப்பறது மனசு கேக்கல, அதான் ஒரே எடத்துல முழுசா எழுதிட்டேன்.

மிக்ஸ் மாஸ்டர் எல்லாம் முடிஞ்சிருச்சுண்ணே, இன்னைக்கு ராத்திரியே ஸ்பாட்டிஃபைல ஏத்திரலாமா?

முடியாதுப்பா. யூடியூப் மாதிரி ஸ்பாட்டிஃபைல நாமளே நேரா போய் ஏத்தற வசதி கிடையாது. 2018ல கொஞ்ச பேருக்கு மட்டும் அப்படி ஒண்ணு குடுத்து பாத்தாங்க, அடுத்த வருசமே மூடிட்டாங்க. நடுவுல ஒரு டிஸ்ட்ரிப்யூட்டர் வேணும், அவங்ககிட்ட ஒரு தடவை வேவ் ஃபைல் (தரம் குறையாத ஒரிஜினல் ஆடியோ), கவர் படம், விவரம் எல்லாம் குடுத்தா ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், ஜியோசாவன், யூடியூப் மியூசிக், இன்ஸ்டாகிராம்ல பாட்டு தேடற எடம்னு எல்லாத்துக்கும் அவங்களே அனுப்பிருவாங்க. கவர் 3000க்கு 3000 பிக்சல் சதுரமா இருக்கட்டும், அதுல போன் நம்பரு, இன்ஸ்டா ஐடி எதுவும் எழுதாதீங்க, திருப்பி அனுப்பிருவாங்க. எம்பி3யை வேவ்வா மாத்தி குடுக்கற வேலையும் வேணாம், போன சத்தம் போனதுதான், ஸ்டுடியோல கேட்டா ஒரிஜினலே தருவாங்க.

ரிலீஸ் தேதியை இன்னைல இருந்து குறைஞ்சது நாலு வாரம் தள்ளி வைங்க. ஆறு மாசம் உக்காந்து செஞ்ச பாட்டுக்கு கடைசி நாலு வாரம் பொறுக்க முடியாம அவசரப்பட்டு போட்டு, பேரு தப்பா வந்து, படம் வராம, சொல்ல வேண்டியவங்களுக்கு சொல்லாம வீணாப் போனதை நெறைய பாத்துட்டேன்.

எந்த டிஸ்ட்ரிப்யூட்டர் நல்லது?

நீங்க வருசத்துக்கு எத்தனை பாட்டு போடுவீங்கங்கறதைப் பொறுத்தது. டிஸ்ட்ரோகிட் மாதிரி எடத்துல வருசக் கட்டணம், எத்தனை பாட்டு வேணாலும் போடலாம். சிடி பேபில ஒரு ரிலீஸுக்கு ஒரு தடவை கட்டினா போதும், ஆனா வர்ற காசுல 9 சதவீதம் எடுத்துக்குவாங்க. ரூட்நோட்ல காசே கட்டாம போடலாம், பதிலுக்கு 15 சதவீதம். ரெண்டு வருசத்துக்கு ஒரு பாட்டு போடறவருக்கு வருசக் கட்டணம் தண்டம், மாசம் ஒண்ணு போடறவங்களுக்கு அதுதான் லாபம்.

வருசக் கட்டணத்துல ஒரு விசயம் கண்டிப்பா தெரிஞ்சுக்கங்க, கட்டறதை நிறுத்தினா பாட்டை எறக்கிருவாங்க. 2021 அக்டோபர்ல இருந்து ரிசர்வ் வங்கி கார்டுல தானா காசு எடுக்கறதுக்கு புது விதி கொண்டு வந்தாங்கல்ல, அப்ப எங்களுக்கு ரினியூவல் ஃபெயில் ஆயிருச்சு, மெயில் ஸ்பேம்ல கிடந்துருக்கு, யாரும் பாக்கல. மூணு பாட்டு காணாமப் போயிருச்சு. ஒரு அக்கா, "தம்பி, என் பிள்ளை தூங்கறப்ப போடுவேனே அந்தப் பாட்டைக் காணோம்"னு கேட்டப்பதான் எங்களுக்கே தெரியும்.

அதனால ஒவ்வொரு பாட்டோட ஐஎஸ்ஆர்சி கோடையும் ஒரு நோட்ல எழுதி வைங்க. 12 எழுத்து இருக்கும், பாட்டோட ஆதார் நம்பர் மாதிரி, டிஸ்ட்ரிப்யூட்டரே சும்மா தருவாங்க. நாளைக்கு வேற கம்பெனிக்கு மாறினாலும், இல்ல பாட்டு எறங்கி மறுபடி ஏத்தினாலும், அதே கோடு அதே ஆடியோ குடுத்தா பழைய ப்ளே கணக்கு திரும்ப வந்து ஒட்டிக்கும். எங்களுக்கு அப்படித்தான் திரும்ப கிடைச்சது.

பாட்டுப் பேரை தமிழ்ல போடறதா இங்கிலீஷ் எழுத்துல போடறதா?

இதை யாரும் பெருசா எடுத்துக்க மாட்டேங்கறாங்க, ஆனா நான் பாத்த வரைக்கும் தமிழ்ப் பாட்டு கேக்கறவங்க கைக்குப் போகாம தொலையறது இங்கதான். நம்ம ஆளுங்க தமிழ்ல பேசுவாங்க, தேடறப்ப பெரும்பாலும் இங்கிலீஷ் எழுத்துல தட்டுவாங்க. அதுவும் ஆளுக்கு ஒரு மாதிரி. "மழை"னு ஒரு சின்ன வார்த்தை, ழ-வுக்கு இசட்-எச் போடறவங்க இருக்காங்க, எல் மட்டும் போடறவங்க இருக்காங்க, கடைசில ஐ போடறவங்க, ஏ-ஐ போடறவங்க, இ போடறவங்க. ஒரே பேரு அஞ்சாறு விதம். நாம ஒரு விதத்துல போட்டுருப்போம், கேட்டவன் வேற விதத்துல தட்டுவான், வராது, அடுத்த பாட்டுக்குப் போயிருவான்.

நாங்க பண்றது என்னன்னா, பேரு வைக்கறதுக்கு முன்னாடியே பத்து பேருக்கு வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட்ல பேரை சொல்லி, "இதை நீங்க எப்படி டைப் பண்ணுவீங்க"னு கேப்போம். அதிகம் பேரு எழுதினது எதுவோ அதுதான் பேரு. எலக்கணப்படி சரியா இல்லைனாலும் பரவால்ல. தமிழ் எழுத்துல உள்ள பேரை யூடியூப் தலைப்புலயும் கவர் படத்துலயும் போட்டுருவோம், மொழினு கேக்கற எடத்துல மறக்காம தமிழ்னு குடுப்போம். பாட்டு வரிகளையும் தமிழ் எழுத்துலயே மியூசிக்ஸ்மேட்ச்ல ஏத்தி நேரத்தோட ஒட்டிருவோம், ஸ்பாட்டிஃபைல வரி ஓடறது அங்க இருந்துதான் வருது.

பேண்டு பேருக்கும் இதே கதை. யாழ், அக்னி, வேர் மாதிரி பேரை உங்களுக்கு முன்னாடியே வேற யாராவது வச்சிருப்பாங்க. அப்படி இருந்தா உங்க பாட்டு அவங்க பக்கத்துல போய் உக்காந்துரும், அவங்க ரசிகர்களுக்கு உங்க பாட்டு போகும், ரெண்டு பேருக்கும் தலைவலி. மொதல் பாட்டு அனுப்பறப்பவே "எனக்கு புது ஆர்ட்டிஸ்ட் பக்கம் வேணும்"னு டிஸ்ட்ரிப்யூட்டர்கிட்ட சொல்லிருங்க, அடுத்த பாட்டுல இருந்து உங்க பக்கத்தோட லிங்க்கை குடுங்க.

இன்னொண்ணு, க்ரெடிட். பாட்டுல பறை அடிச்ச அண்ணன், ஒத்து ஊதினவரு, பின்னாடி குலவை போட்ட அக்கா, எல்லாரோட பேரையும் கேட்டு, அவங்க எப்படி எழுதுவாங்களோ அப்படியே போடுங்க. "நாட்டுப்புறக் கலைஞர்கள் குழு"னு மொத்தமா ஒரு வார்த்தைல முடிக்காதீங்க. எங்களுக்கு பறை அடிச்சவரு அவர் பேரு ஆப்ல வந்த ஸ்க்ரீன்சாட்டை வீட்டுல எல்லார்கிட்டயும் காட்டி, ஊரு முழுக்க அனுப்பி, அந்த ஊர்ல இருந்தே எங்களுக்கு அவ்வளவு பேரு கேட்டாங்க. அவரு பேரு அவருக்கு உரிமை, அதை நாம தர்றதா நெனைக்கவே கூடாது.

வெள்ளிக்கிழமைதான் ரிலீஸ் பண்ணணுமா?

2015 ஜூலை 10ல இருந்து உலகம் முழுக்க புதுப்பாட்டுக்கு வெள்ளிக்கிழமைனு வச்சிருக்காங்க, ப்ளேலிஸ்ட் எல்லாம் அன்னைக்குதான் புதுசாகும். கட்டாயம் இல்ல. பெரிய படத்து ஆல்பம் வர்ற வெள்ளில நம்ம பாட்டு அடிபட்டுப் போகும், நாங்க பாதி நேரம் புதன்கிழமை போட்டுருவோம்.

எடிட்டோரியல் ப்ளேலிஸ்ட்ல எப்படி போறது?

ஸ்பாட்டிஃபை ஆளுங்களே பாட்டு பொறுக்கி வைக்கற லிஸ்ட்தான் எடிட்டோரியல் ப்ளேலிஸ்ட். பாட்டு போடறவங்களுக்குனு ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ்னு ஒண்ணு இருக்கு, அதுல உங்க பக்கத்தை உங்களுதுனு க்ளெய்ம் பண்ணிக்கங்க. இன்னும் வெளிய வராத பாட்டைத்தான் பிட்ச் பண்ண, அதாவது எடிட்டருக்கு அனுப்பிக் கேக்க முடியும், ஒரு நேரத்துல ஒண்ணு. குறைஞ்சது ஏழு நாள் முன்னாடி பண்ணிட்டா, எடிட்டர் எடுக்கறாரோ இல்லையோ, உங்களை ஃபாலோ பண்றவங்களோட ரிலீஸ் ரேடார்ங்கற புதுப்பாட்டு லிஸ்ட்ல பாட்டு வந்துரும், அது ஒண்ணுக்காகவே பண்ணலாம். நாலு வாரம்னு மேல சொன்னதுக்கு பெரிய காரணம் இதுதான். 500 எழுத்துக்குள்ள பாட்டைப் பத்தி எழுதணும். "மனதை வருடும் மெலடி"னு எழுதாதீங்க, எல்லாரும் அதைத்தான் எழுதறாங்க. எந்த ஊரு, என்ன வாத்தியம், எதைப் பத்தி, யாருகிட்ட முன்னாடி ஓடிருக்கு, இதை நேரா எழுதுங்க.

5,000 ரூவா குடுத்தா ஒரு லட்சம் ஸ்ட்ரீம்னு மெசேஜ் வருது, உண்மையா?

தயவுசெஞ்சு வேணாம். நாங்க ரெண்டாவது பாட்டுக்கு இந்தத் தப்பைப் பண்ணோம். ஒரு கம்பெனி, பேரு வேணாம், பேசின விதம் நல்லா இருந்துச்சு, காசு கட்டினோம். நாலே நாள்ல நம்பரு எகிறுச்சு, ராத்திரி எல்லாம் போனைத் திறந்து பாத்துட்டே இருந்தோம். அப்பறம் எந்த ஊர்ல கேக்கறாங்கனு பாத்தா, தமிழே இல்லாத ஏதோ ரெண்டு ஊரு. முப்பது செகண்டு ஓடினாத்தான் ஒரு ஸ்ட்ரீம்னு கணக்கு, அதுக்காக ஓட்டின மெசின் அது. ரெண்டு வாரத்துல பாட்டை எறக்கிட்டாங்க, வந்த காசும் போச்சு. 2024ல இருந்து இப்படி பொய் ஸ்ட்ரீம் அதிகமா கண்டுபிடிச்சா ஸ்பாட்டிஃபை டிஸ்ட்ரிப்யூட்டருக்கு பாட்டுக்கு இவ்வளவுனு அபராதம் போடுது, அவங்க அதை நம்ம தலைல கட்டுவாங்க.

காசு மட்டும் போனா பரவால்ல. அந்த மெசின் கேட்டதை வச்சு ஆப் நம்ம பாட்டை யாருக்கு காட்டணும்னு தப்பா கத்துக்கிச்சு, நெஜமா புடிச்சுக் கேட்ட இருநூறு பேரோட தடமும் அந்தக் கூட்டத்துல மறைஞ்சு போச்சு. எனக்கு இன்னும் அதுதான் வலிக்குது.

யூடியூப்ல போட்டா போதாதா?

தமிழ்ல கேக்கறவங்க அதிகம் இருக்கறது அங்கதான், அதனால கண்டிப்பா போடுங்க, வீடியோ எடுக்க காசு இல்லைனா வரி ஓடற மாதிரி ஒரு லிரிக் வீடியோ போதும். டிஸ்ட்ரிப்யூட்டர் வழியா போனா யூடியூப்ல உங்க பேரோட டாபிக்னு சேர்ந்து தனியா ஒரு சேனல் தானா வரும், பயந்துராதீங்க, யாரும் திருடல. டிஸ்ட்ரிப்யூட்டர்கிட்ட கேட்டா ரெண்டையும் சேத்து அஃபீசியல் ஆர்ட்டிஸ்ட் சேனலா மாத்தித் தருவாங்க. நம்ம பாட்டை வேற வீடியோல யாரு போட்டாலும் யூடியூப் தானா கண்டுபிடிக்கற கன்டென்ட் ஐடி போடறப்ப மட்டும் யோசிங்க, இணையத்துல பொதுவா கிடைக்கற லூப்பு, பீட்டு வாங்கி பாட்டு செஞ்சிருந்தா அதைப் போடக்கூடாது, அதே லூப்பை வச்சு வேற எவனோ செஞ்ச பாட்டுக்கு நம்ம பேர்ல க்ளெய்ம் போயி நிக்கும். விளம்பரக் காசுக்கு 1,000 சப்ஸ்க்ரைபர், 12 மாசத்துல 4,000 மணி நேரம் இல்ல 90 நாள்ல ஷார்ட்ஸ்ல ஒரு கோடி வியூ வேணும், மொத வருசத்துல அதை எதிர்பாக்காதீங்க.

அப்ப காசு எப்படித்தான் வரும்?

மெதுவா வரும், பல எடத்துல இருந்து வரும். ஸ்பாட்டிஃபைல இப்ப ஒரு பாட்டு 12 மாசத்துல 1,000 ஸ்ட்ரீம் தாண்டினாத்தான் அதுக்கு ரெக்கார்டிங் காசே கணக்குல ஏறும். சின்ன ஆளுங்களுக்கு இது அநியாயம்னுதான் நான் சொல்லுவேன், 900 தடவை கேட்டதும் கேட்டதுதானே.

நெறைய பேரு விட்டுடறது ஐபிஆர்எஸ். பாட்டு எழுதினவருக்கும் மெட்டு போட்டவருக்கும் தனியா ஒரு பங்கு இருக்கு, ரேடியோல ஓடினாலும் ஓட்டல்ல ஓடினாலும் மேடைல பாடினாலும். அதை வசூல் பண்ணித் தர்ற சங்கம் அது, 1969ல இருந்து இருக்கு. 2012ல காப்புரிமைச் சட்டத்தை திருத்தினப்ப இந்தப் பங்கை யாருக்கும் எழுதிக் குடுத்து இழந்துற முடியாதபடி ஆக்கிட்டாங்க. வரி எழுதின உங்க ஃப்ரெண்டையும் சேரச் சொல்லுங்க, யாருக்கு எத்தனை சதவீதம்னு ரிலீஸுக்கு முன்னாடியே ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்து போட்டுக்கங்க. ஃப்ரெண்ட்ஸுக்குள்ள என்னனு விட்டு, பாட்டு ஓடின பிறகு பேசாமப் போன பேண்டுங்க எனக்குத் தெரிஞ்சே மூணு இருக்கு.

பேண்ட்கேம்ப் நமக்கு ஒத்து வருமா?

வெளிநாட்டுல கேக்கறவங்க இருந்தா வரும். 2008ல ஆரம்பிச்ச எடம், கேக்கறவங்க நேரா நம்மகிட்ட வாங்கலாம், டிஜிட்டலுக்கு 15 சதவீதம் எடுத்துக்கறாங்க, 2020 மார்ச்ல இருந்து சில வெள்ளிக்கிழமைங்கள்ல அதையும் விட்டுக் குடுக்கறாங்க. ஆனா காசு வர்றது பேபால் வழியா, பேபால் 2021 ஏப்ரல் 1ல இருந்து இந்தியாக்குள்ள ஒருத்தருக்கொருத்தர் அனுப்பறதை நிறுத்திருச்சு. டொரண்டோல இருக்க அண்ணன் வாங்கலாம், திண்டுக்கல்ல இருக்க தம்பி வாங்கறது கஷ்டம். உள்ளூர்க்காரங்களுக்கு நாங்க யூபிஐ நம்பரு குடுத்து, காசு வந்ததும் ஃபைலை நேரா அனுப்பிருவோம்.

வாட்ஸ்அப்ல அனுப்பினா யாராவது கேக்கறாங்களா?

கேக்கறாங்க. எங்களுக்கு வந்த ஆளுங்கள்ல பாதிக்கு மேல அப்படி வந்தவங்கதான், ஆனா எப்படி அனுப்பறோம்ங்கறது இருக்கு. ஸ்கூல் க்ரூப்பு, அபார்ட்மெண்ட் க்ரூப்பு, மாமா பசங்க க்ரூப்புனு எல்லாத்துலயும் லிங்க்கைப் போட்டா யாரும் திறக்க மாட்டாங்க.

நாங்க கே.கே.நகர்ல ஒரு மொட்டை மாடில வாசிச்சோம், நாப்பது பேரு வந்திருப்பாங்க. முடிஞ்சதும் இருநூறு பக்க நோட்டு ஒண்ணை சுத்தி விட்டோம், பேரு, நம்பரு, எந்தப் பாட்டு புடிச்சதுனு மூணு கோடு. முப்பத்தி ஒரு பேரு எழுதினாங்க. ஒரு பாட்டி தனக்கு எழுத வராதுனு பேத்தியை எழுதச் சொல்லி, பாட்டுப் பேருக்கு எதிர்ல "அந்த ஆத்துப் பாட்டு"னு எழுத வச்சாங்க. அடுத்த நாள் நான் உக்காந்து முப்பத்தி ஒரு பேருக்கும் தனித்தனியா பேரு சொல்லி அனுப்பினேன், "எங்க நம்பரை சேவ் பண்ணிக்கங்க, அடுத்த பாட்டு வர்றப்ப சொல்றோம், வேணாம்னா சொல்லிருங்க, அனுப்ப மாட்டோம்". சேவ் பண்ணச் சொல்றதுக்கு காரணம் இருக்கு, வாட்ஸ்அப் ப்ராட்காஸ்ட்ல நம்ம நம்பரை சேவ் பண்ணவங்களுக்கு மட்டும்தான் மெசேஜ் போகும், ஒரு லிஸ்டுக்கு 256 பேரு. இப்ப எங்ககிட்ட அஞ்சு லிஸ்ட் இருக்கு. ஒவ்வொரு பேரும் நாங்க நேர்ல பாத்ததோ, அவங்களே கேட்டு வந்ததோதான்.

பாட்டு வெளிய வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி இவங்களுக்கு மட்டும் ஃபைலை அனுப்பிருவோம். ஆடியோவா இல்லாம டாக்குமெண்டா அனுப்புங்க, சத்தம் கெடாம அப்படியே போகும். ஆப் எப்ப வேணாலும் மாறும், நாம நம்பி இருந்த விங்க் மியூசிக்கே 2024ல மூடிட்டாங்க, ரெஸோவும் அதே வருசம் ஜனவரியோட இந்தியால நின்னு போச்சு, அங்க இருந்த ஃபாலோயர் யாருன்னு ஒரு பேரு கூட நம்ம கைல இல்ல. நோட்டுல இருக்க பேரு நம்மகிட்டயே இருக்கு.

ரீல்ஸ்க்கு எந்த பதினஞ்சு செகண்டை எடுக்கறது?

டிஸ்ட்ரிப்யூட்டர் ஃபார்ம்லயே எங்க இருந்து ஆரம்பிக்கணும்னு கேப்பாங்க, நெறைய பேரு அதை விட்டுடறாங்க, அப்பறம் பாட்டோட மொத செகண்டு, வெறும் கிடார் மட்டும் வந்து நிக்கும். மொட்டை மாடில வாசிக்கறப்ப ஆளுங்க கூடச் சேர்ந்து முணுமுணுத்த வரி எதுவோ அதைக் குடுங்க.

பாரதியார் பாட்டுக்கு மெட்டு போட்டு விடலாமா? சினிமா பாட்டு கவர்?

பாரதியார் 1921ல காலமானவர், எழுதினவர் இறந்து 60 வருசம் கழிச்சு காப்புரிமை முடிஞ்சிரும், அதனால கவிதையை தாராளமா எடுக்கலாம். தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கின எழுத்தாளர்கள் பலரோட நூலும் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்துல இருக்கு, அதுல தேடுங்க, அவ்வளவு நல்ல வரிங்க கிடக்கு. ஆனா கவிதைதான் பொது, படத்துலயோ கேசட்லயோ வந்த மெட்டு அதைப் போட்டவருது, அதைத் தொடாதீங்க. சினிமா கவருக்கு சட்டத்துல 31சினு ஒரு பிரிவு இருக்கு, பாட்டு வந்து அஞ்சு வருசம் ஆகணும், குறைஞ்சது 50,000 பிரதிக்கு ராயல்டி முன்கூட்டியே கட்டணும், நம்ம கைக்கு எட்டாது.

ஸ்டுடியோல நல்லா இருந்த பாட்டு போன்ல சப்புனு இருக்கே?

நம்ம ஆளுங்க பாதிப் பேரு இயர்போன் இல்லாம, பஸ்ல, அடுப்படில, போன் ஸ்பீக்கர்லதான் கேக்கறாங்க. சாலிகிராமத்துல ஒரு ஸ்டுடியோல எங்க பாட்டை மிக்ஸ் பண்ணப்ப பெரிய ஸ்பீக்கர்ல தவில் நெஞ்சுல இடிச்சுச்சு, வெளிய வந்து ஆட்டோல என் போன்ல போட்டா தவிலே இல்ல, இடது பக்கம் கனமா விழற தொப்பி அடி மொத்தமும் காணாமப் போயி வெறும் ஜால்ரா மட்டும் கேட்டுச்சு. திரும்ப உள்ள போயி இஞ்சினியர் அண்ணன்கிட்ட சொன்னோம், அவரு தவிலோட தோல் சத்தத்தை, அந்த வெரல் கூடு படற "டக்"கை கொஞ்சம் மேல ஏத்தி விட்டாரு, கீழ இருக்க அதிர்வு போன்ல வராட்டியும் காது அதை தவில்னு புடிச்சுக்கிச்சு. சத்தம் பெருசா வேணும்னு மாஸ்டரை, அதாவது கடைசியா ரெடி பண்ற ஆடியோவை நசுக்காதீங்க, ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கற அளவு) கிட்ட கொண்டு வந்துதான் ஓட்டும், நசுக்கினது நசுங்கினதா மட்டும்தான் கேக்கும்.

ரிலீஸ் ஆகி ஒரு மாசம் ஆச்சுண்ணே, எண்பது பேருதான் கேட்டிருக்காங்க. அடுத்து என்ன பண்ணட்டும்?

அந்த எண்பது பேரு யாருன்னு கண்டுபிடிங்க. ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ்ல ஊரு வாரியா காட்டும். எங்க மூணாவது பாட்டுக்கு சிவகாசில பதினோரு பேருனு காட்டுச்சு, எங்களுக்கு சிவகாசில ஒருத்தரையும் தெரியாது. இன்ஸ்டால கேட்டுப் பாத்தா, அங்க ஒரு அச்சகத்துல நைட் ஷிஃப்ட் பாக்கற ஒரு தம்பி மெசின் பக்கத்துல போனை வச்சு தினமும் ஓட்டிருக்கான், கூட வேலை பாக்கறவங்களும் அவங்கவங்க போன்ல போட ஆரம்பிச்சிருக்காங்க. அவனுக்கு போன் போட்டோம், ஒரு ஞாயித்துக்கிழமை கிடாரையும் ஒரு பறையையும் எடுத்துக்கிட்டு பஸ் ஏறிப் போனோம், அவன் ஃப்ரெண்ட் வீட்டு மாடில இருபது பேருக்கு வாசிச்சோம். நோட்டை மறக்காம கொண்டு போயிருந்தோம், பத்தொம்பது பேரு எழுதினாங்க.